ஐ காட்டா நோ (வாண்டா ஜாக்சன் பாடல்)

ஐ காட்டா நோ என்பது அமெரிக்கப் பாடகி வாண்டா ஜாக்சன் பாடி, கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தால் 1956 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு தனிப்பாடல் இசைத்தட்டு ஆகும். இத்தலைப்பு "எனக்குத் தெரிந்தாக வேண்டும்" எனப் பொருள்படும். இதனை எழுதியவர் தெல்மா பிளாக்மன் ஆவார். கண்ட்ரி இசைப் பாடகியாக அறியப்பட்டிருந்த ஜாக்சன் ராக்கபில்லி இசைக்கு மாறத் தொடங்கியதை இப்பாடல் குறிக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி 1960 இல் இதே பெயரில் வெளியிட்ட பாடல் வேறொன்றாகும்.

பின்னணி

ராக்கபில்லி என்பது 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உருவான இசைவகை. வெள்ளையரிடையே வழங்கிய கண்ட்ரி இசையும், கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸ் இசையும் இதில் கலந்துள்ளன. விரைவான தாளமும் மின் கிதாரின் துள்ளலான ஒலியும் இதன் அடையாளங்களாகும். தொடக்கத்தில் இவ்வகையில் புகழ்பெற்றவர்களுள் பெரும்பாலோர் ஆண்களே.

ஜாக்சன் 1937 இல் ஓக்லகோமா மாநிலத்தின் மோட் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளி மாணவியாக இருந்தபோது கேப்பிட்டல் நிறுவனத்தில் சேர முயன்றார். பெண்கள் பாடும் இசைத்தட்டுகள் விற்பதில்லை என்று கருதிய தயாரிப்பாளர் கென் நெல்சன் அவரை ஏற்கவில்லை. எனவே அவர் டெக்கா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு 1954 இல் பில்லி கிரேயுடன் இணைந்து பாடிய பாடல் கண்ட்ரி இசைப் பட்டியலில் 8 ஆவது இடத்தைப் பெற்றது.

1955 இல் பள்ளிப் படிப்பை முடித்தபின், எல்விஸ் பிரெஸ்லியுடன் இசைப் பயணங்களில் பங்கேற்றார். இளைஞர்கள் விரும்பும் புதிய இசையைப் பாடுமாறு பிரெஸ்லி ஊக்குவித்ததாகவும், தாம் முதலில் தயங்கியதாகவும் ஜாக்சன் பின்னாளில் கூறியுள்ளார். 1956 இல் கேப்பிட்டல் நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கு அவருடைய பாடல்களைத் தயாரித்தவர் முன்பு மறுத்த அதே கென் நெல்சன் என்பது குறிப்பிடத்தக்கது.

பாடல் அமைப்பு

இப்பாடலில் இரண்டு பாணிகள் மாறி மாறி வருகின்றன. ஒரு பகுதி மெதுவான கண்ட்ரி இசையாகவும், அடுத்த பகுதி விரைவான ராக்கபில்லியாகவும் அமைந்துள்ளது. பாடகியின் குரலும் அதற்கேற்ப மென்மையிலிருந்து கரகரப்பான முழக்கத்திற்கு மாறுகிறது. காதல் உண்மையானால் திருமண மோதிரம் எங்கே என்று ஒரு பெண் தன் காதலனைக் கேட்பதே பாடலின் பொருள். ஒலிப்பதிவில் ஜோ மேஃபிஸ் கிதார் வாசித்தார்.

வெளியீடு

இசைத்தட்டின் மறுபக்கத்தில் "ஆஃப் அஸ் குட் அ கேர்ள்" என்ற கண்ட்ரி பாடல் இடம்பெற்றது. இதனால் பழைய நேயர்களும் புதிய நேயர்களும் ஒரே தட்டில் தமக்கேற்ற பாடலைப் பெற்றனர். அடுத்து வந்த தட்டிலும் ஒரு பக்கம் ராக் பாடலும் மறுபக்கம் கண்ட்ரி பாடலும் இருந்தன. "ஐ காட்டா நோ" கண்ட்ரி இசைப் பட்டியலில் 15 ஆவது இடத்தை எட்டியது. வெளிவந்தபோது இது எந்த இசைத்தொகுப்பிலும் சேர்க்கப்படவில்லை. 1960 இல் வெளியான "ராக்கின் வித் வாண்டா" தொகுப்பில் இடம்பெற்றது.

தாக்கம்

பாணி மாற்றம் உடனடி வணிக வெற்றியைத் தரவில்லை. இதன்பின் ஜாக்சன் பாடிய ராக் பாடல்கள் சில ஆண்டுகள் அமெரிக்கப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. எனினும் "ஃபூஜியாமா மாமா" ஜப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1960 இல் "லெட்ஸ் ஹேவ் அ பார்ட்டி" அமெரிக்கப் பாப் பட்டியலில் 37 ஆவது இடத்தைப் பிடித்தது. 1961 இல் "ரைட் ஆர் ராங்" பாடல் மூலம் அவர் மீண்டும் கண்ட்ரி பட்டியலில் முன்னணி இடம் பெற்றார்.

பிற்காலத்தில் ராக்கபில்லியின் அரசி என அழைக்கப்பட்ட ஜாக்சன், 2009 இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் தொடக்ககாலத் தாக்கம் என்னும் பிரிவில் சேர்க்கப்பட்டார். அப்பெயரை ஈட்டித்தந்த பாடல்களின் வரிசை "ஐ காட்டா நோ" பாடலிலிருந்தே தொடங்குகிறது.