இணைய விளம்பரமும் இறங்குபக்கமும்: ஒரு மொழிநிலை விளக்கம்

முன்னுரை

இணைய விளம்பரம் ஒன்றைச் சொடுக்கும் வாசகர் முதலில் வந்து சேரும் பக்கத்தை ஆங்கிலத்தில் ‘லேண்டிங் பேஜ்’ என்பர். படகில் வருவோர் கரையேறும் இடத்தை இறங்குதுறை என்கிறோம். அதனையொட்டி இக்கட்டுரையில் இப்பக்கத்தை ‘இறங்குபக்கம்’ எனக் குறிப்பிடுகின்றோம். இது வணிகத்துறையினர்க்கு மட்டுமே உரிய பொருளன்று. தமிழ் வகுப்புக்கு மாணவரைச் சேர்க்கவும் கருத்தரங்கிற்குப் பேராளரை அழைக்கவும் நாமும் இணைய விளம்பரத்தை நாடலாம். சொடுக்குக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தும் முறையில், வந்தவர் எதுவும் செய்யாது திரும்பினாலும் பணம் செலவாகிவிடும். எனவே இப்பக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் அதில் மொழிக்குள்ள பங்கையும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

வாக்கும் நிறைவேற்றமும்

விளம்பரம் ஒரு வாக்குறுதி எனில், இறங்குபக்கம் அதன் நிறைவேற்றமாகும். எடுத்துக்காட்டாக, ‘பகுதிநேரத் தமிழ் முதுகலைப் படிப்பு’ எனத் தமிழில் ஒரு விளம்பரம் வருவதாகக் கொள்வோம். அதனைச் சொடுக்குபவர் பல்கலைக்கழகத்தின் ஆங்கில முகப்புப் பக்கத்தில் போய் நின்றால், தேடி வந்ததை அவர் மீண்டும் தேட வேண்டியவராகிறார். அவ்வாறன்றி, விளம்பரத்தில் கண்ட அதே சொற்கள் பக்கத்தின் தலைப்பில் இடம்பெறுதல் வேண்டும். தகுதி, கட்டணம், வகுப்பு நேரம் ஆகியவை அதே பக்கத்தில், அதே மொழியில் இருத்தல் வேண்டும்.

விளம்பரச் சேவைகளும் இதனைக் கணக்கிற்கொள்கின்றன. 2000ஆம் ஆண்டில் ஆட்வேர்ட்ஸ் எனத் தொடங்கி, 2018இல் கூகுள் ஆட்ஸ் எனப் பெயர் மாறிய சேவையில், விளம்பரத்தின் இடத்தை ஏலத்தொகை மட்டுமே முடிவு செய்வதில்லை. சொடுக்கப்படும் வாய்ப்பு, தேடலோடு விளம்பரத்திற்குள்ள பொருத்தம், இறங்குபக்க அனுபவம் ஆகிய மூன்றும் மதிப்பிடப்படுகின்றன. அச்சேவை தமிழை ஆதரிக்கத் தொடங்கியதும் 2018ஆம் ஆண்டிலேயே ஆகும்.

பொத்தானில் ஒரு சொல்

ஒரு பக்கம் ஒரே ஒரு செயலை மட்டும் வேண்டுதல் நன்று. அச்செயலைத் தாங்கி நிற்பது பொத்தானில் உள்ள சொல். அச்சொல்லின் ஆற்றலை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சோதனை காட்டுகிறது. பராக் ஒபாமாவின் 2008ஆம் ஆண்டுத் தேர்தல் பணிக்கான இணையத்தளத்தில், டான் சிரோக்கர் தலைமையிலான பகுப்பாய்வுக் குழு நுழைவுப் பக்கத்தை 24 வடிவங்களில் அமைத்தது. நான்கு பொத்தான் சொற்களும், ஆறு படங்கள் மற்றும் காணொளிகளும் இணைந்தமையால் உண்டானவை அவை. சுமார் 3,10,000 வருகையாளர்கள் அவ்வடிவங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டனர்.

பணிக்குழுவினர் ஒரு காணொளியையே பெரிதும் விரும்பியிருந்தனர். ஆயினும் குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ எனும் பொருள்தரும் பொத்தானும் சேர்ந்த வடிவமே முதலிடம் பெற்றது. பதிவு செய்தோர் விகிதம் 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 விழுக்காடாக உயர்ந்தது. இது 40.6 விழுக்காட்டு வளர்ச்சி எனக் கூறப்படுவது முந்தைய விகிதத்தோடு ஒப்பிட்டே ஆகும். இம்முடிவு எல்லாப் பக்கத்திற்கும் பொருந்தும் விதியன்று. நம் விருப்பத்தை நம்பாது வாசகரின் செயலை அளந்தறிய வேண்டும் என்பதே இதன் பாடம். வருகையாளர் சிலராக இருப்பின், காணப்படும் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

தமிழ்ப் பொத்தானுக்குச் சொல் தேர்வதில் நம் இலக்கணமே துணை நிற்கிறது. ‘பதிவு செய்’ என்னும் ஏவல் ஒருமை மரியாதைக் குறைவாகத் தோன்றும். ‘பதிவு செய்யுங்கள்’ என்பது பணிவுடையதேனும் கைப்பேசித் திரையில் இடத்தை மிகுதியாகக் கொள்ளும். ‘பதிவு செய்க’ என்னும் வியங்கோளோ சுருக்கமும் மதிப்பும் ஒருங்கே உடையது. வேண்டலும் விதித்தலும் அதன் பொருளுள் அடங்கும்.

படிவமும் நம்பிக்கையும்

படிவத்தில் கேட்கப்படும் ஒவ்வொரு விவரமும் வாசகர்க்குச் சுமையாகும். விளக்கக் கையேட்டை அனுப்ப மின்னஞ்சல் முகவரி போதுமெனில், அடையாள அட்டை எண்ணைக் கேட்டல் முறையன்று. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத் தொடர்பில் தரவு திரட்டுவோர் அதன் நோக்கத்தைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் சட்டம் இசைவு பெறுவதை வலியுறுத்துகிறது. தமிழ்ப் பக்கத்தை நாடி வருபவர்க்கு அவ்வறிவிப்பைத் தமிழிலும் தருதல் சட்டத்திற்கும் அப்பாற்பட்ட நேர்மையாகும். தாம் எதற்கு இசைகிறோம் என்பதை அறியாதவரின் இசைவு முழுமையானதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இறங்குபக்கத்தின் வெற்றி அதன் வண்ணத்திலும் அசைவுப் படத்திலும் மட்டும் இல்லை என்பதும், சொல்லியதைச் சொல்லியவாறே தருவதில் உள்ளது என்பதும் விளங்கும். ஆங்கிலப் பக்கம் முற்றுப்பெற்ற பின்னர் இறுதியில் மொழிபெயர்த்து ஒட்டும் பணியாகத் தமிழைக் கருதினால், தமிழில் அழைக்கப்பட்டவர் வாயிலிலேயே அயலாராகிவிடுவார். எனவே தலைப்பு, பொத்தான், படிவம் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதும் பயிற்சியை நம் வகுப்பறைகளில் கட்டுரைப் பயிற்சியோடு சேர்த்தல் வேண்டும். ஐந்து சொற்களில் ஒரு தலைப்பையும் இரண்டு சொற்களில் ஒரு வேண்டுகோளையும் பிழையின்றி அமைக்கும் மாணவர், தமிழ் இன்று புழங்கும் இடம் ஒன்றில் அதற்கு ஆற்றல் சேர்ப்பவராவார்.