போனை கொஞ்ச நேரம் சாமித்தட்டு பக்கம் வைப்போமா?

முன்பு லயத்தில் ஒரு வீட்டில் டீவி இருந்தால் அத்தனை பேரும் அங்கேதான் கூடுவோம். படம் முடிந்தால் கதை பேசிச் சிரித்துக் கலைவோம். இப்போது அதே சின்னக் காம்பிராவில் நாலு பேர், நாலு மூலை, கையில் ஆளுக்கொரு போன்.

போனே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது வாட்ஸ்அப்பில் வந்த பாடத்துக்காகக் கடன்பட்டும் வாங்கினோம். கொழும்பில் இருக்கிற மகன் முகத்தைப் பார்ப்பதும் அதில்தானே!

நமது கவலை கைக்குழந்தைகளைப் பற்றியது. காலையில் பிள்ளைக்காம்பிராவில் விடுகிறோம். கொழுந்து நிறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தால் அது தூங்கும்வரை இரண்டு மூன்று மணித்தியாலந்தான் நம் கையில் இருக்கிறது. "அழாம சாப்பிடட்டும்" என்று கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் அதுவும் போச்சு. பிள்ளை பேச்சுப் பழகுவது பதில் கிடைப்பதால்தான். அது "ங்கா" என்றால் நாம் "என்னடா கண்ணு" என்கிறோம். மறுபடி அது ஏதோ சொல்கிறது. கார்ட்டூன் பேசும், ஆனால் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

ஆகவே சமைத்துச் சாப்பிட்டு முடியும்வரை போனை சாமித்தட்டு பக்கம் வையுங்கள். மணியடித்தால் கேட்கும், அவசரக் கோல் தவறாது. (வாட்ஸ்அப் சத்தத்தை மட்டும் நிறுத்த பெரிய பிள்ளைகளுக்குத் தெரியும்.) ரொட்டி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள், கீரை ஆய விடுங்கள், "இதென்ன?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் போன் கேட்டு அழும், பொறுக்கத்தான் வேண்டும்.

இதை அம்மாமாருக்கு மட்டும் சொல்வது நியாயமில்லை. அப்பாமாரே, இரவு பதினொரு மணிவரை ஒரே காம்பிராவில் போன் வெளிச்சமும் சத்தமும் இருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை இன்னும் பகல் என்று எண்ணி தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. விடியமுன் எழும்பி, பெரட்டுக்குப் போய், மழையில் வழுக்கும் மலையில் ஏற வேண்டியவர்கள் நாம்.

இரண்டு வயதாகியும் பிள்ளை "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் போன்தான் காரணம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். காது கேட்பதில் குறை இருந்தாலும் பேச்சு பிந்தும். தோட்டத்துக்கு வரும் மருத்துவிச்சி அம்மாவிடம் உடனே காட்டுங்கள்.