வெளிச்சமில்லாத விளையாட்டுப் பெட்டி

அழகுப் போட்டி வைத்திருந்தால் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பப்பட்டிருக்கும் சாமான் அது. சாம்பல் நிறத்தில், செங்கல்லைப் பாதியாக அறுத்தாற்போல் ஒரு பெட்டி. முகத்தில் சின்னஞ்சிறு திரை. அந்தத் திரை என்ன நிறம் என்கிறீர்கள்? பாசி படர்ந்த குளத்துத் தண்ணீரின் நிறம்! அதன் கீழே இடப் பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான். வலப் பக்கம் அரக்கு நிறத்தில் இரண்டு. 'கேம் பாய்' என்று நாமகரணம் செய்து, 1989-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி ஜப்பானிலுள்ள நிண்டெண்டோ கம்பெனியார் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். விலை 12,500 யென்.

கையில் வைத்துக்கொண்டு ஆடும் இந்த யந்திரமும், 1998-ல் பிறந்த அதன் வர்ணத் தங்கையும் சேர்ந்து உலகமெங்கும் 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. குறையே இல்லாத யந்திரமா என்றால், அதுதான் இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரியும் குறைகளே ஏராளம். அவற்றில் பெரிய குறையை ஒருவர் வேண்டுமென்றே அதில் வைத்தார் என்பதுதான் வேடிக்கை.

அவர் பெயர் குன்பெய் யோகோய். நிண்டெண்டோ என்பது 1889-ல் கியோட்டோ நகரில் பூப் படம் போட்ட சீட்டுக் கட்டுகள் செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி. 1965-ல் யோகோய் அங்கே சேர்ந்தது, சீட்டுச் செய்யும் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில். பொழுது போகாமல், நீட்டினால் நீண்டு மடக்கினால் மடங்கும் இடுக்கிக் கை ஒன்றைச் செய்து விளையாடிக் கொண்டிருந்தார். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யாமௌச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. வேறு முதலாளியாக இருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார். யாமௌச்சியோ அதையே பொம்மையாகச் செய்து விற்கச் சொன்னார். 1966-ல் அது சக்கைப் போடு போட்டது. யோகோய் பொம்மைக்காரர் ஆனார்.

பிறகு ஒரு சமயம் ரயிலில் போகும்போது, உத்தியோகஸ்தர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக் கொண்டிருந்ததைக் கவனித்தாராம். அதிலிருந்து உதித்தது, 1980-ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்'. கால்குலேட்டர்த் திரையிலே ஒரு விளையாட்டு. கூடவே ஒரு கடிகாரம். கேம் பாய்க்கு அது அக்கா முறை.

பழசாகி, மலிந்து, நல்லது கெட்டது எல்லாம் தெரிந்துபோன பொருளை எடு. அதற்குப் புதிய உபயோகம் கண்டுபிடி. இதுதான் யோகோயின் சித்தாந்தம். மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்துப் புதுப் பலகாரமாகப் பரிமாறும் வாசகிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சித்தாந்தம் வேறு, சந்தை வேறு அல்லவா? யோகோய் முதலில் தேர்ந்தெடுத்த திரையைக் கையில் வாங்கிப் பார்த்த யாமௌச்சி, "ஒன்றும் தெரியவில்லையே, இதை எப்படி விற்பது?" என்கிற ரீதியில் கேட்டுவிட்டார். முழுத் திட்டமுமே கவிழ்ந்துவிடும் போலிருந்தது. யோகோய் வேறு ரகத் திரைக்கு மாறினார். சற்றுத் தெளிந்தது. சற்றுத்தான்! வர்ணம் கிடையாது, நாலே நாலு சாயல். பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கும் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்க வேண்டும். வேகமாக நகரும் பொம்மைக்குப் பின்னால் மை இழுகினது போல் ஒரு நிழல் வரும். இரவில் படுத்துக்கொண்டு ஆட நினைத்தால் அம்போ! இந்தக் குறையை நம்பியே, பெட்டியின் மேல் மாட்டும் விளக்கும் பூதக்கண்ணாடியும் செய்து மற்றவர்கள் காசு பார்த்தார்கள்.

அதே 1989-ல் அட்டாரி கம்பெனி 'லிங்க்ஸ்' என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. அடுத்த வருஷம் ஸேகா கம்பெனியின் 'கேம் கியர்' வந்தது. இரண்டிலும் வர்ணம், இரண்டிலும் விளக்கு. போட்டிக்காரர் பெட்டியைப் பற்றி யோகோயின் சிஷ்யர் ஒருவர் முகம் வாடி வந்து சொன்னபோது, "வர்ணத் திரையா, கறுப்பு வெள்ளையா?" என்று மட்டும் விசாரித்தாராம் அவர். வர்ணம் என்றதும், அப்படியானால் நமக்குப் பயமில்லை என்று நிம்மதியாகிவிட்டாராம்.

அந்த நிம்மதிக்குக் காரணம் பாட்டரி. கேம் பாய்க்கு, சின்ன டார்ச்சில் போடும் பென்சில் பாட்டரி நான்கு போதும். ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடும். கேம் கியருக்கு அதே பாட்டரி ஆறு வேண்டும்; மூன்று முதல் ஐந்து மணிக்குள் உயிர் போய்விடும். நடுத்தரமாக நான்கு மணி என்றே வைத்துக்கொண்டாலும், அதே 15 மணி ஆட்டத்துக்கு 24 பாட்டரி! குழந்தை ஆடுகிறது, பாட்டரிக்குக் காசு கொடுப்பது யார்? வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் எந்தப் பெட்டியை வாங்குவார்கள் என்பதில் சந்தேகம் உண்டா? கேம் கியர் விற்றது ஒரு கோடிக்குச் சற்று மேலே; அவ்வளவுதான்.

சாமானும் கெட்டி. 1991 வளைகுடா யுத்தத்தில் ராணுவக் குடியிருப்பு ஒன்று குண்டுவீச்சுக்கு ஆளானபோது தீயில் கருகிய ஒரு கேம் பாய், முகம் உருகிப் போயும் வேலை செய்தது. நியூயார்க்கிலுள்ள நிண்டெண்டோ கடையில் பல வருஷம் அதைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட நமக்குச் சுவாரசியமான விஷயம் வேறு. பெயர் 'பாய்' என்றாலும், பையன்களோடு அது நின்றுவிடவில்லை. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1984-ல் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டத்தை, அமெரிக்காவில் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார்கள். மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்து இல்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவே. ராஜகுமாரி இல்லை, ராட்சசன் இல்லை. பையன்கள் மட்டும் வாங்கினால் போதுமென்றால் மாரியோவைக் கொடுங்கள், எல்லோரும் வாங்க வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள் என்று வாதாடியவர் ஹென்க் ரோஜர்ஸ் என்ற வியாபாரி. அவர் கணக்குத் தப்பவில்லை. கேம் பாய் ஆடுகிறவர்களில் 100-க்கு 46 பேர் பெண்கள் என்று 1995-ல் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையே அறிவித்தது. டெலிவிஷனில் மாட்டி ஆடும் அதன் பழைய யந்திரத்தில் இது 29 பேர்தான்! கூடத்து டெலிவிஷன் யார் வசம் இருக்கும் என்பது தெரிந்ததே. இதற்கு டெலிவிஷன் வேண்டாம். சத்தத்தை அடக்கிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தால் போதும். 1993-ல் ஜனாதிபதியின் மனைவி ஹிலாரி கிளிண்டன் விமானத்தில் கேம் பாயும் கையுமாக இருந்த புகைப்படம்கூட உண்டு.

டெட்ரிஸில் ஒரு சங்கடம். 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று தொடங்கினால் அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் தலை நிமிரும்.

யோகோயின் பிற்காலம் அத்தனை சுகமாக இல்லை. 1995-ல் அவர் செய்த 'வர்ச்சுவல் பாய்' என்ற யந்திரம் படுதோல்வி அடைந்தது. மறு வருஷம் கம்பெனியை விட்டு விலகினார். 1997 அக்டோபரில், கார் விபத்துக்குள்ளாகி, இறங்கிச் சாலையில் நின்றபோது வேறொரு வண்டி மோதி இறந்தார். வயது 56.

2003-ல் கேம் பாய் உற்பத்தி நின்றுவிட்டது. பழைய பெட்டிகள் இன்றும் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் முதலில் பின்புற மூடியைத் திறந்து பாட்டரி அறையைப் பாருங்கள். பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் யோசியுங்கள். திரையில் குறுக்கே கோடு விட்டுப் போயிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. 'போக்கிமான்' போல, விட்ட இடத்தை நினைவில் வைக்கும் ஆட்டங்களில் தகட்டுக்குள்ளே காசு போன்ற சின்ன பாட்டரி ஒன்று இருக்கும். வருஷக்கணக்கில் உழைத்துவிட்டு அது தீர்ந்து போகும். ஆட்டம் அப்போதும் ஓடும்; முன்பு ஆடியவர் சேர்த்து வைத்ததெல்லாம் அழிந்திருக்கும். புது பாட்டரி வைத்து ஒட்டினால், முதலிலிருந்து ஆடலாம்.