பியானோ இல்லாத பியானோக் கச்சேரி

கதை, வசனம் என்னும் சுமைகளை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வித்வானையோ ஒரு வாத்தியத்தையோ கொண்டாடும் பாடல்களை மட்டும் மாலையாகக் கோத்து மேடையேற்றும் வழக்கம் மேல்நாட்டில் வெகுகாலமாக உண்டு. பியானோ மேதை ஃபாட்ஸ் வாலரின் பாடல்களைக் கொண்டு 1978-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'எயின்ட் மிஸ்பிஹேவின்' அவ்வினத்தில் பிரசித்தமானது. நம் ஊரில் அதற்கு நேரானது மெல்லிசைக் கச்சேரியே.

பகலெல்லாம் தறியோசையில் தோய்ந்திருக்கும் ஆரணியிலும், ஆடி மாதத்து அம்மன் திருவிழா வந்துவிட்டால், தெருக்கூத்துக்கு இணையாக மெல்லிசைக்கும் பந்தல் எழும்புகிறது. 'புதிய பறவை' (1964) போன்ற படங்களில் விசுவநாதனும் ராமமூர்த்தியும் பியானோவைப் பேசவைத்த பாடல்கள் அங்கே இன்றும் விருப்பத்துக்குரியவை. திரையில் பியானோ என்பது மாடிப்படி வளைந்திறங்கும் சீமான் வீட்டுக் கூடத்துச் சாமான். அந்தச் சீமான் வீட்டுப் பாட்டைப் பட்டு நெய்பவர் தம் தெருமுனையில் கேட்பதில் எனக்கு ஒரு தனி ஆனந்தம்.

ஆனால் மேடையில் பியானோ இராது. 88 கட்டைகளும் 200-க்கு மேற்பட்ட கம்பிகளும் இரும்புச் சட்டமுமாக, பெரிய வகையானால் ஏறக்குறைய அரை டன் கனக்கும் அந்த வாத்தியம் ஊர் ஊராகச் சுமந்து செல்வதற்கு உகந்ததன்று. ஈரக்காற்றுப் பட்டால் சுருதியும் கலையும். ஆகவே நம் நாடக மேடை ஆதியிலேயே ஆர்மோனியத்தைச் சுவீகரித்துக்கொண்டது. குழித்தறியில் அமர்ந்தவர் காலால் மிதிகட்டையை மிதித்துக் கையால் நாடாவை ஓட்டுவது போல, கால் ஆர்மோனியக்காரரும் காலால் துருத்தியை இயக்கி, இரு கைகளையும் கட்டைகளுக்கே அர்ப்பணித்தார். நாடக மேடைப் பாடகர் கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயிச் சஞ்சாரங்களுக்கு ஈடுகொடுத்து வாசித்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர். கமகத்துக்கு ஒவ்வாதது என்று பழிக்கப்பெற்ற இவ்வாத்தியத்தை 1940-இல் வானொலி விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. நாடக மேடையோ அதை ஒருநாளும் கைவிடவில்லை. (சங்கீத விஷயத்தில் ஜனங்களின் தீர்ப்பு சர்க்காரின் தீர்ப்பைவிட நிதானமானது என்பது என் அபிப்பிராயம்.)

மெல்லிசை மேடையில் இன்று அந்த ஸ்தானத்தில் இருப்பது கீபோர்டு. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் இளையராஜா முதலியோருக்குப் பியானோவும் மேல்நாட்டு இசையிலக்கணமும் கற்பித்தார். அப்பயிற்சியின் பலன் திரைப்பாடல்களின் வழியே ஆரணிப் பந்தல் வரைக்கும் வந்திருக்கிறது. பியானோ ஒலிக்குரிய பொத்தானை அமுக்கி, காலடியில் ஸஸ்டெயின் பெடலை இருத்திக்கொண்டு வாசிப்பவர் நாதத்தை ஏறத்தாழக் கொண்டுவந்துவிடுகிறார். எனினும் விரலின் அழுத்தத்துக்கேற்ப மரச்சுத்தி கம்பியில் மோதும்போது எழுகிற அந்தக் கனம் மட்டும் ஒலிபெருக்கியில் வருவதில்லை. அதற்கு ஈடாக ஒரு வசதியுண்டு: பாடகருக்குத் தொண்டை கட்டி, "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்குங்க" என்று அவர் திரும்பிச் சொன்னால், கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டுப் பழைய விரலடவிலேயே வாசித்துப் போகலாம். அரை டன் பியானோவில் அது நடவாது.