'சீக்கிரம்' ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று

வீட்டில் "சீக்கிரம் வா" என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மூன்று சொற்கள் உண்டு. குறித்த நேரத்துக்கு முன்பே வருவது 'ஏர்லி'. இன்னும் சற்று நேரத்தில் வருவது 'சூன்'. வேகமாக வருவது 'ஃபாஸ்ட்'. எட்டு மணி வேலைக்கு ஏழே முக்காலுக்கு ஆடி அசைந்து வந்தவர் 'ஏர்லி'. எட்டேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தவர் எவ்வளவு 'ஃபாஸ்ட்' ஆனாலும் 'லேட்'தான். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர்கள் 'வெள்ளென' என்பார்கள். 'ஏர்லி'க்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் அதுதான்.

வீட்டுப் பேச்சில் இதனால் நட்டம் ஏதும் இல்லை. வேலைக்கு மனுப் போட்ட பிள்ளைக்கு வரும் செய்தியில்தான் சிக்கல். புதன்கிழமை நேர்முகத் தேர்வு இரண்டு நாள் 'பிராட் ஃபார்வர்ட்' என்று வந்தால், தேர்வு திங்கட்கிழமைக்கு மாறிவிட்டது என்று பொருள். 'ஃபார்வர்ட்' என்றால் முன்னே போவது, ஆகவே தேதி தள்ளிப் போகிறது என்று எண்ணி வெள்ளிக்கிழமை போய் நின்றால், அதற்குள் வேறொருவரை வேலைக்கு எடுத்திருப்பார்கள். தேதியைத் தள்ளிவைப்பதற்கு 'போஸ்ட்போன்', 'புஷ் பேக்' என்பார்கள். இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் 'பிரிபோன்' இங்குள்ள அலுவலகங்களில் பலருக்குப் பழக்கமில்லை.

'அட் தி ஏர்லியஸ்ட்' இன்னொரு பொறி. பணம் '15ஆம் தேதி அட் தி ஏர்லியஸ்ட்' என்றால் 15க்கு முன் வராது என்று அர்த்தம், 20க்கும் வரலாம். 15க்குள் வந்துவிடும் என்பதற்கு 'அட் தி லேட்டஸ்ட்' என்று இருக்க வேண்டும். கடிதத்தில் 'அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' என்று வந்தால், வசதிப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அது மரியாதையாகச் சொல்லும் அவசரம்.

'அட்வான்ஸ்' என்றதும் நம்மவர்களுக்கு முன்பணம்தான் நினைவுக்கு வரும். விடுப்புக்கு 'ஒன் வீக் இன் அட்வான்ஸ்' சொல்ல வேண்டும் என்பதில் பணப் பேச்சே இல்லை; ஒரு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'ஏர்லி பேர்ட்' என்பது முதலிலேயே பதிந்து பணம் கட்டுவோருக்குக் கிடைக்கும் கழிவு. 'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்துக்குச் சரியாக. 'இன் டைம்' என்றால் காரியம் கைமீறிப் போகுமுன். ஆம்புலன்ஸ் 'இன் டைம்' வந்தால் உயிர் பிழைக்கும்.

'ஏர்லி ஹவர்ஸ்' என்பதை அதிகாலை என்று மட்டும் கொள்ள முடியாது. நள்ளிரவு தாண்டியதுமே அது தொடங்கிவிடும். பேருந்துச் சீட்டில் ஞாயிறு 12.30 ஏ.எம். என்று போட்டிருந்தால், சனிக்கிழமை இரவே பேருந்து நிலையத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இராச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பெட்டியோடு போகிறவருக்கு, அந்தப் பேருந்து முதல் நாள் இரவே போய்விட்டது.