எம்டன் போட்ட குண்டும் ஆம்பூர் தோலும்

"அவன் சரியான எம்டன்பா" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், லேசில் சமாளிக்க முடியாத ஆள் என்று அர்த்தம். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர், 1914-ல் அந்தக் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டது என்பதும் பலருக்குத் தெரிந்ததுதான். 'எம் மகன்' படத்துக்குக்கூட முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. ஆனால் இந்தக் கதையை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். மீதிப் பாதி நம்ம பக்கம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோல் ஊறிய குழிகளில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பெரிய கப்பல்களின் காலம்

1906-ல் பிரிட்டன் 'ட்ரெட்நாட்' என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. 12 அங்குல வாய் கொண்ட பீரங்கிகள் பத்து. ஒரு குண்டின் எடை ஏறக்குறைய 385 கிலோ. ஓட்டுவதற்கு நீராவி டர்பைன். இது வந்தவுடன் அதுவரை கட்டிய போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. பிரிட்டனின் பழைய கப்பல்களுக்கும் இதே கதிதான். அதனால் ஜெர்மனிக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது: போட்டியைப் புதிதாகத் தொடங்கலாம். 1898-லிருந்தே அட்மிரல் திர்பிட்ஸ் கடற்படையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அடுத்த எட்டு வருஷம் இரண்டு நாடும் போட்டி போட்டுக்கொண்டு ட்ரெட்நாட் வகைக் கப்பல்களைக் கட்டின.

1914 ஆகஸ்டில் போர் வந்தபோது, இந்த ராட்சதக் கப்பல்கள் நேருக்கு நேர் மோதி ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிடும் என்றுதான் உலகம் எதிர்பார்த்தது. அப்படி நடக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காபா ஃப்ளோவில் நின்றது. ஜெர்மன் கடற்படை வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் நின்றது. பெரும்பாலான நாட்கள் இரண்டும் நங்கூரத்தில்தான் கிடந்தன.

பத்து நிமிஷமும் ஒரு பேரும்

எம்டன் இந்த ராட்சதர்களில் ஒன்றல்ல. 3,600 டன் எடையுள்ள இலகு ரக குரூசர். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. ஒரு குண்டு 17 கிலோ சுமார். சீனாவில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகம்தான் அதற்கு வீடு. போர் தொடங்கியதும் அட்மிரல் ஷ்பே தன் படையோடு பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கா பக்கம் போக முடிவு செய்தார். எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரை மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார். கூட ஒரே ஒரு நிலக்கரிக் கப்பல்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. பிரிட்டிஷ் குரூசர் போலத் தெரியவேண்டும் என்று நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டார்கள். செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். செப்டம்பர் 22 இரவு 9.30 மணி வாக்கில் சென்னைக்கு எதிரே வந்து நின்றார்கள். நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போது கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது, அதுவும் எரிந்தது. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நின்று, சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டார்கள். ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்ட சில குண்டுகளில் ஒன்றும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து எம்டன் இருட்டில் மறைந்தது. உயர் நீதிமன்ற மதிலில் இதற்கான கல்வெட்டை இன்றும் பார்க்கலாம்.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று ஒரு கதை நம் ஊரில் ரொம்பப் பிரபலம். அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில், சூரிச்சில் இருந்தார். பிறகு பெர்லின் போனார். எம்டன் ஐரோப்பா பக்கமே போகாமல் சீனாவிலிருந்து நேராக வந்த கப்பல். கணக்கு ஒத்துவரவில்லை.

சேதத்தை மட்டும் பார்த்தால் இது சின்ன சம்பவம். ஆனால் சென்னையிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்து முடங்கியது, இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. நான் வேலை செய்யும் துறையில் இது பழக்கமான விஷயம்: ஒரு சர்வரை உடைக்கத் தேவையில்லை, அதை நம்பி யாரும் வராதபடி செய்தால் போதும். முல்லர் செய்தது அதுதான். அவருடைய ஆயுதம் பீரங்கியைவிட, "அடுத்து எங்கே வரும்?" என்ற பயம்.

கரியும் கம்பியும்

எம்டன் ஓடியது நிலக்கரியில். போகும் வழியில் கரி ஏற்ற ஜெர்மனிக்கு இந்தப் பக்கம் ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் பிரிட்டனிடம். ஆகவே பிடிக்கிற கப்பலில் கரி இருந்தால்தான் அடுத்த வாரம் ஓட முடியும். வங்காளக் கரி கிடைத்தது, ஆனால் புகை அதிகம், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு 'புரெஸ்க்' என்ற கப்பலைப் பிடித்தபோதுதான் நல்ல வேல்ஸ் நாட்டுக் கரி கிடைத்தது.

அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்தில் நுழைந்து ஒரு ரஷ்ய குரூசரையும் ஒரு பிரெஞ்சு டெஸ்ட்ராயரையும் மூழ்கடித்தது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. கடலடித் தந்திக் கம்பிகள் சந்திக்கிற இடம் அது. அங்கிருந்த ஊழியர்கள், தங்களைப் பிடிப்பதற்கு முன்பே, புதுக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் தகவல் அனுப்பிவிட்டார்கள். அன்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சிப்பாய்களை ஏற்றிய கப்பல் கூட்டம் ஒன்று பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த 'சிட்னி' என்ற குரூசர் மூன்று மணி நேரத்துக்குள் வந்து நின்றது. அதன் குண்டு ஒவ்வொன்றும் 45 கிலோ. எம்டன் சல்லடையாகி, பவளப்பாறையில் ஏறி நின்றது. 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மூன்று மாதத்துக்குள் கதை முடிந்தது. கரித் துறைமுகங்கள், தந்திக் கம்பி, வயர்லெஸ், காவல் கப்பல்கள் என்ற அந்த வலையை ஒற்றைக் கப்பல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓடினாலும் நிரந்தரமாக அறுக்க முடியாது.

சுடாமல் ஜெயித்தவர்கள்

இப்போது ஸ்காபா ஃப்ளோவுக்குத் திரும்புவோம். சும்மா நின்ற அந்தப் பெரிய கப்பல்கள் என்ன செய்தன? வட கடலின் வாசலை அடைத்தன. ஹாம்பர்க்குக்கும் பிரெமனுக்கும் போகிற சரக்கு நின்றது. 1916 மே 31-ல் ஜட்லாண்டில் இரண்டு கடற்படையும் ஒருவழியாக மோதின. மொத்தம் சுமார் 250 கப்பல்கள். பிரிட்டன் 14 கப்பல்களையும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் இழந்தது; ஜெர்மனி 11 கப்பல்களையும் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேலும். எண்ணிக்கையில் ஜெர்மனிக்கு லாபம். ஆனால் மறுநாளும் கடல் வாசல் அடைபட்டேதான் இருந்தது.

நம்ம ஊர் இங்கேதான் உள்ளே வருகிறது. போருக்கு முன்னால் இந்தியத் தோல் இரண்டு வழியில் வெளியே போனது. கல்கத்தாவிலிருந்து பச்சைத் தோல், அதாவது உப்புப் போட்டோ காயவைத்தோ பதனிடாமல் அனுப்பும் மாட்டுத் தோல். அந்த வியாபாரத்தில் ஜெர்மன் கம்பெனிகளின் கைதான் ஓங்கியிருந்தது. சென்னையிலிருந்து போனது பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்து நம் பக்கத்து டேனரிகளிலும் சென்னை, திண்டுக்கல், திருச்சி பக்கமும் செய்தது. லண்டன் சந்தையில் இதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்று பெயர். ஆம்பூர் வழியாக ஓடிய ரயில் பாதை இதைப் பெரியமேடு மண்டிக்கும் துறைமுகத்துக்கும் கொண்டுபோனது.

கடல் அடைபட்டதும் கல்கத்தாவில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டாராகிக் காணாமல் போனார்கள். இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் பூட்ஸ் வேண்டும். அதன் மேல் பாகத்துக்குச் சென்னைக் கிப் பொருத்தமாக இருந்தது. 1916-லிருந்து அரசாங்கமே விலை வைத்துப் பதனிட்ட தோலை மொத்தமாக வாங்கி லண்டனுக்கு அனுப்பியது. டேனரிகள் பெருகின. அதே சமயம் ஜெர்மனியில் தோல் இல்லாமல் மரக்கட்டை அடி வைத்த செருப்புப் போட்டு நடந்தார்கள். பிளாண்டர்ஸ் சேற்றில் நடந்த ஒரு சிப்பாயின் காலில் பாலாற்றுத் தண்ணீரில் ஊறிய தோல் இருந்திருக்கும். எம்டன் சென்னையில் எரித்தது சில தொட்டிகளை; எதிர்ப்பக்கத்துக் கடற்படை, ஒரு குண்டுகூட இந்தப் பக்கம் போடாமல், ஒரு தொழிலின் திசையையே மாற்றியது.

இதைச் செழிப்புக் கதையாக மட்டும் சொல்லக்கூடாது. 1919-ல் பச்சைத் தோலுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். சாம்ராஜ்யத்துக்குள்ளேயே பதனிட அனுப்பினால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஜெர்மன் வியாபாரி திரும்பி வரக்கூடாது என்பது உள்நோக்கம். ஆனால் போர் முடிந்து ராணுவ ஆர்டர் நின்றதும் சந்தை படுத்துவிட்டது. குழியில் தோல் மிதித்த, சுண்ணாம்பில் கை வெந்த ஆட்களுக்கு ஏற்றமும் இறக்கமும் வேறெங்கோ தீர்மானமானவை. ஜட்லாண்ட் என்ற பேரைக்கூட அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்றைக்கு ஆம்பூரிலிருந்து தோலாக அல்ல, தைத்து முடித்த ஷூவாகப் போகிறது. பெரிய வாடிக்கையாளர்களில் ஜெர்மனியும் ஒன்று. வரலாறு இப்படியும் திரும்பும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குப் போகிற கன்டெய்னர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல்; வாடகையும் கூடுதல். அங்கேயும் தாக்கியவர்களிடம் பெரிய கடற்படை கிடையாது. அங்கேயும் வேலை செய்தது பயமும் இன்சூரன்ஸும்தான்.

நம்ம மாவட்டத்திலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. கிழக்கே நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் போகவேண்டும். ஆனாலும் இது ஒரு துறைமுக ஊரைப் போலவேதான் பிழைக்கிறது. எங்கேயாவது ஒரு கடல் வாசல் சாத்தப்பட்டது என்று செய்தி வந்தால், எத்தனை கப்பல் மூழ்கியது என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தச் சரக்கு எங்கே நின்றது, யாருக்கு வேலை போனது, யாருக்குத் திடீரென்று வேலை வந்தது என்று பாருங்கள்.