பாங்காக் சீப்புதான், உங்க கார்டுதான் காஸ்ட்லி!

போன மாச வீடியோவுக்குக் கீழ அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, முதல் ஃபாரின் ட்ரிப், ஃப்ரெண்ட்ஸோட பாங்காக் போறோம். எவ்வளவு ஆகும்?" 10 நிமிஷ வீடியோவுல இந்தக் கணக்கை முழுசா போட்டுக் காட்ட முடியாது. அதனால இங்க எழுதுறேன்.

முதல்ல என் கதை. 2018. சி.ஏ. முடிச்சு முதல் வேலை, ஆறு மாசச் சம்பளம் வாங்கியாச்சு. ஆபீஸ் பசங்க ரெண்டு பேரோட பாங்காக் கிளம்பினேன். டிக்கெட்டும் ஹோட்டலும் முன்னாடியே கட்டிட்டோம். கையில 4,000 பாத் மட்டும்தான் மாத்தி வெச்சிருந்தேன். மீதிக்குத்தான் கார்டு இருக்கேங்கிற தைரியம். அப்ப இந்தியர்களுக்கு ஏர்போர்ட்லயே விசா, கட்டணம் 2,000 பாத், ரொக்கமா கட்டணும். இறங்கின ஒரு மணி நேரத்துல பாதிப் பணம் காலி. வெளிய வந்ததும் ஏடிஎம்ல கிரெடிட் கார்டைச் சொருகி 10,000 பாத் எடுத்தேன். ஸ்க்ரீன்ல ஏதோ கேட்டுச்சு, ரூபாய்க் கணக்கும் காட்டுச்சு. பச்சை பட்டனை அமுக்கிட்டேன். ஆடிட்டர்தான், ஆனா படிக்கல.

ஊர் அருமையா இருந்துச்சு. அடுத்த மாசம் பில் வந்தப்பதான் வயித்தைக் கலக்கிச்சு. முழுசா கட்ட முடியல, மினிமம் டியூ மட்டும் கட்டினேன். அதே வாரம் அப்பா போன் பண்ணி, தங்கச்சி காலேஜ் ஹாஸ்டல் ஃபீஸ் 18,000 அனுப்பச் சொன்னார். "சம்பளம் இந்த மாசம் லேட் பா"ன்னு சொன்னேன். அம்மாவோட வளையலை அடகு வெச்சு அவர் ஃபீஸ் கட்டினது எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

பாங்காக் என்னை ஏமாத்தல. ஊர்ல நான் சாப்பிட்டது, சுத்தினது எல்லாம் சென்னை வீக்எண்ட் செலவை விட ரொம்ப அதிகம் இல்ல. ரூபாய் பாத்தா மாறுற அந்த இடத்துலதான் காசு ஒழுகிச்சு. அதனால அந்த இடத்தை மட்டும் நிதானமா பார்ப்போம்.

10,000 பாத் எடுத்தா என்ன ஆகும்?

ஒரு பாத் 2.70 ரூபாய்னு வெச்சுக்குவோம். நீங்க கிளம்புற அன்னைக்கு ரேட் வேறயா இருக்கும், கணக்குப் போடுற முறை இதேதான். 10,000 பாத்தோட நியாயமான விலை 27,000 ரூபாய்.

இப்ப நான் பண்ணின மாதிரியே கிரெடிட் கார்டுல எடுக்கிறீங்க. தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் சுமார் 220 பாத் கட்டணம் எடுக்கும். ஆக 10,220 பாத், 27,594 ரூபாய். அடுத்து ஸ்க்ரீன், "இந்த ரேட்ல ரூபாயாவே மாத்தித் தரட்டுமா?"ன்னு கேட்கும். ரூபாய்ல பார்க்கிறது வசதியாத்தான் தெரியும். ஆனா அந்த ரேட்டை வைக்கிறது அந்த ஏடிஎம்காரர். 6% கூட வெச்சிருந்தார்னா தொகை 29,250 ஆயிடும்.

இன்னும் முடியல. கிரெடிட் கார்டுல ரொக்கம் எடுத்தா கேஷ் அட்வான்ஸ் கட்டணம் உண்டு. 2.5%னு எடுத்துக்கிட்டா 731 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 18% சேர்த்து 863. கடைசியா வட்டி. கார்டுல பொருள் வாங்கினா பில் தேதி வரைக்கும் வட்டி இல்லங்கிற சலுகை ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாள்ல இருந்தே மீட்டர் ஓடும். மாசம் 3.5%, நீங்க கட்டுறதுக்கு 40 நாள் ஆகுதுன்னா 1,365, ஜிஎஸ்டியோட 1,611.

கூட்டுங்க. 31,724 ரூபாய். கையில வந்தது 27,000 மதிப்புள்ள பாத். 4,724 ரூபாய் காத்துல போச்சு, அதாவது 17.5%. இது முழுசா கட்டிட்டா வர்ற கணக்கு. மினிமம் டியூ மட்டும் கட்டினா, அந்தக் கார்டுல நீங்க போடுற பெட்ரோல், மளிகை உட்பட புது செலவுக்கும் வட்டியில்லாக் காலம் போயிடும். என்னை அமுக்கினது அதுதான்.

அதே 10,000 பாத்தை ஊர்ல இருந்து கிளம்பும்போதே, அங்கீகாரம் பெற்ற மணி சேஞ்சர்கிட்டயோ வங்கியிலயோ வாங்குறீங்க. அவர் மார்க்கெட் ரேட்டை விட 2.5% கூட வெச்சாலும் 27,675. கரன்சி மாத்துறதுக்கு ஜிஎஸ்டி முழுத் தொகைக்கும் கிடையாது. ஒரு லட்சம் வரைக்கும் தொகையில 1% மட்டும்தான் சேவையோட மதிப்புன்னு எடுத்து, அதுல 18%. இங்க அது 50 ரூபாய். மொத்தம் 27,725. வித்தியாசம் கிட்டத்தட்ட 4,000 ரூபாய். ஒரு நல்ல ஹோட்டல் ரூம், ஒரு ராத்திரி.

அப்ப எப்படி எடுத்துட்டுப் போறது?

என் கருத்து இது: ரெண்டு நாள் செலவுக்கு ரொக்க பாத், மீதி ஃபாரெக்ஸ் கார்டுல. கார்டை பாத்துலயே லோட் பண்ணுங்க. டாலர்ல லோட் பண்ணிட்டு பாத்துல செலவு பண்ணினா கிராஸ் கரன்சின்னு இன்னொரு 3 சதவீதத்துக்கு மேல போடுற கார்டுகள் இருக்கு. பேரு ஃபாரெக்ஸ் கார்டு, பலன் பூஜ்யம்.

ஏடிஎம் கட்டணம் ஃபாரெக்ஸ் கார்டுக்கும், மார்க்கப் இல்லன்னு விளம்பரம் பண்ற டெபிட் கார்டுக்கும் உண்டு. அது ஃபிளாட் கட்டணம். 1,000 பாத் எடுத்தா 22%, 10,000 எடுத்தா 2.2%. அதனால எடுக்கிறதை ஒரே தடவையா எடுங்க. ஸ்க்ரீன்ல "வித்தவுட் கன்வெர்ஷன்"ங்கிறதைத் தேர்ந்தெடுங்க. சில மெஷின்ல அது "டிக்ளைன்"னு இருக்கும், பயப்படாதீங்க. கன்வெர்ஷனைத்தான் வேணாங்கிறீங்க, பணம் வரும்.

மால்லயும் இதே கூத்து நடக்கும். கார்டு மெஷின்ல ரூபாய், பாத் ரெண்டும் வரும். சில சமயம் கேஷியரே ரூபாயை அமுக்கிடுவார். கார்டைக் கொடுக்கும்போதே "பாத்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சாதாரண கிரெடிட் கார்டுக்கு ஃபாரெக்ஸ் மார்க்கப் பெரும்பாலும் 3.5%, ஜிஎஸ்டி சேர்த்தா 4.13%. அதுக்கு மேல ரூபாய் கன்வெர்ஷனையும் நாமளே ஏத்திக்க வேணாம்.

ஹோட்டல்ல செக்-இன் பண்ணும்போது டெபாசிட் கேட்பாங்க. ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ நீட்டாதீங்க. பிளாக் ஆன பணம் திரும்ப வர நாள் கணக்காகும், அந்த நாலு நாளும் நீங்க அதைத் தொட முடியாது. இதுக்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுங்க, இல்லன்னா ரொக்கமா கொடுத்து ரசீது வாங்குங்க.

கையோட நம்ம ரூபாய் நோட்டு கொண்டு போறவங்களும் இருக்காங்க. 25,000 ரூபாய் வரைக்கும் சட்டப்படி எடுத்துட்டுப் போகலாம். பாங்காக்ல சூப்பர்ரிச் மாதிரி பெரிய எக்ஸ்சேஞ்ச்கள் ரூபாயையும் வாங்குவாங்க, ஒரிஜினல் பாஸ்போர்ட் கேட்பாங்க. சுவர்ணபூமி ஏர்போர்ட்ல ரயில் ஏறுற கீழ்த்தளத்துல இருக்கிற கவுன்டர்கள் மேல்தளத்தை விட நல்ல ரேட் தருவாங்க. லக்கேஜ் எடுத்ததும் கண்ணுல படுற முதல் கவுன்டர்ல மாத்தாம, ரெண்டு மாடி இறங்கிப் பாருங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க: அங்க தள்ளுவண்டியில கூட க்யூஆர் ஒட்டியிருக்கும், ஆனா அது பிராம்ப்ட்பே, அவங்க ஊர் சிஸ்டம். நம்ம ஜிபே வேலை செய்யும்னு நம்பி வெறுங்கையோட போகாதீங்க.

ஊருக்குள்ள

ஏர்போர்ட்ல இருந்து பயா தாய் வரைக்கும் ரயில் 45 பாத்தான், அங்க இருந்து பிடிஎஸ்ங்கிற மேம்பால ரயில் மாறலாம். நாலு பேர் பெட்டியோட இருந்தா மீட்டர் டாக்ஸியும் கட்டும், ஏர்போர்ட் கூடுதல் கட்டணம் 50 பாத் இருக்கும். சாவ் பிரயா ஆத்துல ஆரஞ்சுக் கொடி போட்ட படகு என் ஃபேவரைட். டூரிஸ்ட் படகை விட ரொம்பக் குறைச்சல், அதே ஆறு, அதே காத்து.

கோயில் டிக்கெட்டை மட்டும் லேசா நினைக்காதீங்க. கிராண்ட் பேலஸ் 500 பாத், வாட் போ 300, வாட் அருண் 200. மூணும் சேர்ந்து ஒரு ஆளுக்கு 2,700 ரூபாய். பேலஸுக்கு ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ் போட்டுட்டுப் போனா உள்ள விட மாட்டாங்க. வாசல்ல ஒருத்தர் சிரிச்ச முகத்தோட வந்து, "இன்னைக்கு மூடியாச்சு, நான் வேற கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன், டுக் டுக் 20 பாத்தான்"னு சொன்னா நம்பாதீங்க. அந்த 20 பாத் சவாரி போய் நிக்கிற இடம் ரத்தினக் கடை. நேரா டிக்கெட் கவுன்டர் வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க.

காசே இல்லாம பார்க்கிறதுக்கும் இடம் இருக்கு. சிவப்பு நிறத்துல வானளாவ நிக்கிற சாவ் சிங் சாங்கிற பெரிய ஊஞ்சலைப் போய்ப் பாருங்க. 1935 வரைக்கும் அதுல ஊஞ்சல் விழா நடந்துச்சு. அந்த விழாவுக்குப் பேரு திரியம்பாவாய். நம்ம மார்கழித் திருவெம்பாவைதான் அப்படி மாறியிருக்கு. பக்கத்துலயே தேவஸ்தான்னு ஒரு கோயில், விழாவை நடத்துற பிராமணர்களோடது. சிலோம் ரோட்ல 19ஆம் நூற்றாண்டுல தமிழர்கள் கட்டின மாரியம்மன் கோயிலும் இருக்கு, இன்னைக்கு அங்க வரிசையில நிக்கிறவங்கள்ல நிறைய பேர் தாய்லாந்துக்காரங்க. நான் ட்ரிப்ல செலவே பண்ணாத அந்த ஒரு சாயங்காலம்தான் இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு.

ஷாப்பிங் பண்றவங்களுக்கு: அங்க வாட் 7%. ரீஃபண்ட் போர்டு வெச்ச கடையில ஒரே நாள்ல 2,000 பாத்துக்கு மேல வாங்கினா, பாஸ்போர்ட் காட்டி அங்கேயே ஃபார்ம் வாங்கிக்கணும். திரும்பி வரும்போது பெட்டியை செக்-இன்ல போடுறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் கவுன்டர்ல விசாரிங்க. கட்டணம் கழிச்சுக் கைக்கு வர்றது 7%க்குக் குறைவாத்தான் இருக்கும். 2,000 பாத் பொருளுக்காக வரிசையில நிக்கிறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு பேப்பர் விஷயம்

2025 மே 1ல இருந்து தாய்லாந்து போறவங்க டிஜிட்டல் அரைவல் கார்டு நிரப்பணும். இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள, இமிக்ரேஷன் துறையோட தளத்துல. கட்டணம் இல்ல. காசு கேட்கிற தளம் எதுவா இருந்தாலும் வெளிய வந்துடுங்க. விசா இல்லாம எத்தனை நாள் தங்கலாம்ங்கிறது அடிக்கடி மாறுற விதி, டிக்கெட் போடும் முன்னாடி பார்த்துக்குங்க.

அடுத்தது டிசிஎஸ். ஐடி கம்பெனி இல்லப்பா, வரி. ஃப்ளைட், ஹோட்டல் எல்லாம் சேர்த்து வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா ஏஜென்ட் இதைப் பிடிப்பார். டிக்கெட்டைத் தனியா, ஹோட்டலைத் தனியா நீங்களே புக் பண்ணினா பேக்கேஜ் கணக்குல வராது. எத்தனை சதவீதம்ங்கிறது பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, அதனால பில்லைப் பாருங்க. இது செலவு இல்ல, உங்க பான்ல வரவு வெச்சிருக்கிற வரி. ரிட்டர்ன்ல திரும்ப வாங்கலாம். 2024 அக்டோபர்ல இருந்து, கம்பெனி பேரோல்ல சொல்லி சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ல கழிச்சுக்கவும் வழி இருக்கு. ஏஜென்ட்கிட்ட பான் நம்பரைச் சரியா கொடுங்க, 26ஏஎஸ்ல ஏறியிருக்கான்னு பாருங்க. என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் இதை கிளெய்ம் பண்ணாமலே விட்டிருக்காங்க.

சரி, மொத்தம் எவ்வளவு? ஒரு ஆளுக்கு நாலு ராத்திரி: ரெண்டு பேர் பகிர்ந்துக்கிற ரூம் 3,000 பாத், சாப்பாடு 2,500, பயணம் 1,000, கோயில் டிக்கெட் 1,000, ஷாப்பிங் 4,000. ஆக 11,500 பாத், 31,050 ரூபாய். முன்னாடியே போட்ட ஃப்ளைட் 20,000னு வெச்சா 51,000. டிராவல் இன்ஷூரன்ஸ் தனி, அதுல கஞ்சத்தனம் வேணாம். மாசம் 5,000னு பத்து மாசம் ஆர்டி போட்டா வட்டியோட இந்தத் தொகை வந்துடும். "இப்ப போங்க, அப்புறம் கட்டுங்க" இஎம்ஐ வேணாம். பத்து மாசம் காத்திருக்க முடியலன்னா ஷாப்பிங்கை வெட்டுங்க, ஆர்டியை வெட்டாதீங்க. வீட்டுக்கு மாசாமாசம் அனுப்புற பணம் இந்தக் கணக்குக்குள்ள வரவே கூடாது, அதை முதல்ல ஒதுக்கிட்டு மிச்சத்துல போடுங்க.

திரும்பி வந்தப்புறம் மிச்சம் பாத் நோட்டு இருந்தா 180 நாளுக்குள்ள மாத்திடணும்ங்கிறது விதி. 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் அடுத்த ட்ரிப்புக்கு நீங்களே வெச்சுக்கலாம். நாணயத்துக்கு வரம்பே இல்ல, அதை இங்க யாரும் மாத்தித் தரவும் மாட்டாங்க. என் ஆபீஸ் டிராயர்ல 2018ல கொண்டு வந்த ஏழு பத்து பாத் காசு இன்னும் கிடக்கு. அம்மாவோட வளையலை அடுத்த வருஷம் நான்தான் மீட்டேன். வட்டியோட.